இடஒதுக்கீட்டில் நியாயமான நடுவழி எது? கல்லூரிச் சேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் 29 வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் இல்லாத மாலை கிடையாது. கட்-ஆஃப் கணக்குப் போட, கல்லூரிப் பட்டியலை வரிசைப்படுத்த, சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். வந்த வேலை முடிந்து கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "சார், இது நியாயமா?" எந்தச் சாதிக்காரரும் அதைக் கேட்காமல் போனதில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

31 சதவீதம்தான் எங்களுக்கு, மீதி 69 அவர்களுக்கு என்கிறார்களே?

முதலில் இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு நடத்தும் கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீடு 69 சதவீதம். மீதி 31 எந்தச் சாதிக்கும் எழுதி வைக்கப்படவில்லை. அது பொதுப் போட்டி. தரவரிசையில் மேலே இருப்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தை எடுக்கலாம். பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பையன் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் முதலில் பொதுப் பிரிவில்தான் அவனுக்கு இடம் பார்ப்பார்கள். அங்கே கிடைக்காவிட்டால்தான் அவனுடைய வகுப்பின் பங்குக்கு வருவான்.

மீதி 69 இப்படிப் பிரிகிறது: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினருக்கு 1.

முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால் 31இன் அருமை புரியும். 1947இல் திருத்திய வகுப்புவாரி அரசாணைப்படி, அன்றைய சென்னை மாகாணத்தில் 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 14 வந்துவிடும். பொதுப் போட்டி என்று ஒரு இடம்கூடக் கிடையாது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. பெரியாரும் மற்றவர்களும் தெருவில் இறங்கினார்கள். இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிறந்தது. இன்று நாம் பேசும் எல்லாம் அந்த இழுபறிக்குப் பிறகு கிடைத்தவைதான். ஒரு தரப்பு மட்டும் வென்று எழுதிய கணக்கு இதில் எங்குமே இல்லை.

மார்க் குறைந்தவனுக்கு இடம் கொடுத்தால் தகுதி என்ன ஆகும்?

இன்ஜினீயரிங் கட்-ஆஃப் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கணக்கு மதிப்பெண் அப்படியே 100க்கு. இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. மொத்தம் 200. ஒரு பெண் கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 வாங்கினால் 92, 42, 45 என்று 179 வரும். பக்கத்து ஊர்த் தனியார் பள்ளிப் பையன் 184 வாங்கியிருக்கிறான். ஐந்து மதிப்பெண்தான் வித்தியாசம்.

அந்தப் பெண் என் மாணவி. அவள் பிளஸ் டூ படித்த வருடம் ஜூனிலிருந்து நவம்பர்வரை பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி. கணக்கு வாத்தியாரான நான் மாலையில் உட்கார்ந்து மின்னியல் பாடத்துக் கணக்குகளை மட்டும் போட்டுக் காட்டினேன், தேற்றம் எதையும் ஒழுங்காக நடத்தவில்லை. அந்தப் பையன் பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கியவன், பரீட்சைக்கு முன்பே நாலைந்து முறை திருப்பிப் பார்த்தவன். அவன் உழைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாகவே உழைத்தான். ஆனால் இயற்பியலில் அவளுடைய 84க்கும் அவனுடைய 90க்கும் நடுவே இருப்பது அறிவு மட்டும்தான் என்று யாராவது சொன்னால், ஆசிரியராக இருந்த எனக்கு அது பொய் என்று தெரியும். 2022 ஜனவரியில் மருத்துவ மேற்படிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொன்னது. தேர்வு மதிப்பெண் ஒன்றையே தகுதி என்று சுருக்கிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்னொன்றும் உண்டு. சேர்க்கையில்தான் சலுகை, படிப்பில் கிடையாது. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு இருபது லட்சம் கட்டி, நீட் தரவரிசையில் வெகு கீழே இருப்பவரும் சேர்கிறார். தகுதி பற்றிக் கவலைப்படுபவர் அங்கேயும் கவலைப்பட்டால் அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்க நான் தயார்.

சாதியை விட்டுவிட்டு வருமானத்தை மட்டும் வைத்தால் சண்டையே இருக்காதே?

செய்து பார்த்தாகிவிட்டது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கிடையாது என்று ஆணை போட்டது. அடுத்து 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் கிடைத்தது இரண்டு. உடனே ஆணையைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோர் பங்கை 31இலிருந்து 50ஆக உயர்த்தினார்கள்.

ஓட்டுக்குப் பயந்தார்கள் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அதற்குள் ஒரு நியாயமான பயமும் தெரிகிறது. மாதம் 750 ரூபாய் சம்பாதித்த ஒரு குமாஸ்தாவின் மகன் அந்த வகுப்பின் முதல் படிப்பாளியாக இருப்பான். அவனை வெளியே தள்ளிவிட்டு, அவனுக்கும் கீழே இருப்பவன் பிளஸ் டூவையே தாண்டாத நிலையில், இடம் காலியாகி வேறு யாரிடமோ போய்விடும் என்று மக்கள் நினைத்தார்கள். வருமான வரம்பைப் பற்றி யார் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் முதலில் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வருமானச் சான்றிதழும் அப்படியொன்றும் நம்பகமானதில்லை. மாதச் சம்பளக்காரரின் வருமானம் தாளில் தெரியும், வட்டிக்கு விடுபவரின் வருமானம் தெரியாது. தாசில்தார் அலுவலக வாசலில் ஒரு நாள் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்படியென்றால் கலெக்டர் மகனுக்கும் பனையேறி மகனுக்கும் ஒரே சலுகையா?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். இது சரியில்லைதான். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு கிரீமி லேயர், அதாவது வசதியானவர்களை விலக்கும் வருமான வரம்பு, உண்டு. 2017இலிருந்து அது ஆண்டுக்கு 8 லட்சம். தமிழ்நாட்டு அரசின் 69இல் அது கிடையாது. ஒரே வகுப்புக்குள் இரண்டு தலைமுறையாகப் படித்து முன்னேறிய குடும்பமும், இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குடும்பமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. யார் முன்னால் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்குத் தோன்றும் வழி இது. கலெக்டர் மகனை வெளியே தள்ள வேண்டாம். ஒவ்வொரு வகுப்பின் பங்குக்குள்ளும் ஒரு பகுதியை முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமையாக வைக்கலாம். அவர்களுக்குப் போக இடம் மிஞ்சினால் அதே வகுப்பின் மற்றவர்களுக்கு. அவர்களும் எடுத்து முடித்தால்தான் அடுத்த பேச்சு. இப்படிச் செய்தால் 1979இன் பயத்துக்கு இடமில்லை, ஏனென்றால் ஒரு இடம்கூட அந்த வகுப்பை விட்டு வெளியே போகாது. முதல் பட்டதாரிச் சான்றிதழை நம் அரசு 2010இலிருந்து கட்டணச் சலுகைக்காகக் கொடுத்து வருகிறது. ஆக, புதிதாக எந்த அலுவலகமும் திறக்க வேண்டியதில்லை.

உள்ளே பிரித்துக்கொள்ளலாம், வெளியே சிந்தக் கூடாது. நியாயமான சமரசத்துக்கு என்னிடம் ஒரே அளவுகோல் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உள் ஒதுக்கீடு சமூகங்களைப் பிரித்துவிடாதா?

சில சமயம் காப்பாற்றும், சில சமயம் கெடுக்கும். தமிழ்நாட்டில் மூன்று கதையும் நடந்திருக்கிறது.

முதலாவது அருந்ததியர். பட்டியல் சாதியினரின் 18க்குள் அருந்ததியர் தங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கைப் பெறவில்லை என்று நீதிபதி ஜனார்த்தனம் குழு சொன்னது. மலம் அள்ளும் வேலையிலும் தோல் வேலையிலும் கட்டிப்போடப்பட்ட சமூகம் அது. 2009இல் 3 சதவீதம் கொடுத்துச் சட்டம் வந்தது. அதில் நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த 3இல் அருந்ததியருக்கு முன்னுரிமை, தகுதியானவர் கிடைக்காவிட்டால் இடம் மற்ற பட்டியல் சாதியினருக்குப் போகும். மீதி 15க்கும் அருந்ததியர் போட்டியிடலாம். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதியினருக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 6க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னபோது இந்தச் சட்டமும் நிலைத்தது.

இரண்டாவது வன்னியர் 10.5. 2021இல் தேர்தல் அறிவிப்பு வரும் நாளில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மிகவும் பிற்படுத்தப்பட்டோரின் 20இல் பாதிக்கு மேல் ஒரு சமூகத்துக்கு. மீதி 9.5இல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்கள். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றமும், 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. தனியாகப் பிரிக்கப் போதுமான புள்ளிவிவரம் அரசிடம் இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். வன்னியர்களின் கோரிக்கையே தவறு என்று நான் சொல்லவில்லை. 1987 போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவே அதன் பிறகு 1989இல் வந்ததுதான். அவ்வளவு பெரிய வலியை அவசர அவசரமாக ஒரு சட்டமாகத் தைத்தார்கள். முதல் இழுப்பிலேயே தையல் பிரிந்தது.

மூன்றாவதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, பிற்படுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கிறிஸ்தவர்கள், தனிப் பங்கு வேண்டாம், பழையபடி பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலேயே எங்களைச் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். முன்பு கிடைத்ததைவிட அதில் குறைவாகக் கிடைப்பதாகத் தெரிந்தது. அரசும் 2008இல் மாற்றிக் கொடுத்தது. முஸ்லிம்களுக்கு அந்த 3.5 இன்றும் தொடர்கிறது. கொடுத்துப் பார்த்து, எண்ணிப் பார்த்து, சண்டையில்லாமல் திருத்திக்கொண்ட இந்த ஒரு நிகழ்வை நான் எந்தத் தீர்ப்பைவிடவும் உயர்வாக நினைக்கிறேன்.

யாருக்கும் இடம் குறையாமல் செய்ய முடியாதா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் தர 2006இல் சட்டம் வந்தது. அதுவரை பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்த்து 22.5. ஆக 100 இடத்தில் பொதுவுக்கு 77.5. புதிதாக 27 எடுத்தால் பொதுவுக்கு 50.5தான். டெல்லியில் மருத்துவ மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது கண்டுபிடித்த வழி, மொத்த இடத்தையே கூட்டுவது. எவ்வளவு கூட்டினால் பொதுவின் 77.5 அப்படியே இருக்கும்? 77.5ஐ 0.505ஆல் வகுத்தால் 153.5 வரும். அதனால்தான் இடங்களை 54 சதவீதம் உயர்த்தச் சொன்னார்கள். 100 இடம் 154 ஆனது. 154இல் 50.5 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 78. பழைய எண்ணிக்கை குறையவில்லை, புதிதாக 41 பேருக்குக் கதவு திறந்தது. 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது.

தமிழ்நாட்டிலும் இதேபோல் நடந்தது. 1992இல் மண்டல் வழக்கில் 50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நம் அரசு 69ஐக் காக்கச் சட்டம் போட்டு, 1994இல் அதை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் (நீதிமன்றத்தில் எளிதில் ரத்து செய்ய முடியாத சட்டங்களின் பட்டியல்) சேர்க்க வைத்தது. 69ஐ எதிர்த்த வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு ஒன்றைச் சொன்னது. 69ஐ நடத்திக்கொள்ளுங்கள், ஆனால் 50தான் வரம்பு என்றிருந்தால் யாருக்கு இடம் கிடைத்திருக்குமோ அவர்களுக்குக் கூடுதல் இடம் உருவாக்கிக் கொடுங்கள் என்றது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போனார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. வகுப்பறையில் பெஞ்சு போடலாம், ஆனால் பேராசிரியரையும் விடுதி அறையையும் மருத்துவமனைப் படுக்கையையும் ஒரே வருடத்தில் கூட்ட முடியாது. கூட்டாமல் இடத்தை மட்டும் கூட்டினால் எல்லோருக்கும் கிடைப்பது அரைகுறைப் படிப்பு.

7.5 சதவீதம் என்கிறார்களே, அது எந்தச் சாதிக்கு?

எந்தச் சாதிக்கும் இல்லை, பள்ளிக்கு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் முதலில் கொடுத்த பங்கு அது. 2017இல் நீட் இங்கே வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய அரியலூர் அனிதா, நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல், அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த நாளை எங்கள் ஆசிரியர் அறை மறக்காது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளஸ் டூ எழுதுகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் தரலாம் என்றது. அரசு 7.5 என்று முடிவெடுத்தது. 2020 செப்டம்பரில் மசோதா நிறைவேறியது, ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. கலந்தாய்வு நெருங்கவே அக்டோபர் 29இல் அரசாணையாகவே போட்டார்கள், மறுநாள் ஆளுநர் கையெழுத்து வந்தது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 300ஐத் தாண்டினார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது.

அந்த 7.5க்குள்ளும் 69, 31 இரண்டும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த முற்பட்ட வகுப்பு ஏழைப் பிள்ளையும் அதில் பொதுப் பிரிவில் போட்டியிடலாம். சாதிப் பங்கு யாருக்கும் மாறவில்லை, ஒவ்வொரு பங்குக்குள்ளும் பின்வரிசையில் நின்றவர் முன்னால் வந்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 7இல் இதை ஏற்றுக்கொண்டது.

முதல் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இடம் கிடைத்த பிள்ளைகளில் சிலர், தனியார் கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. கூலிக்காரர் வீட்டில், இடம் என்பது பணத்தோடு சேர்ந்த சொல். இன்று கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது.

அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் 7.5 கிடைக்குமா?

கிடைக்காது. எனக்கு இந்தச் சட்டத்தில் பெரிய வருத்தமே இதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாவதுவரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வழி உண்டு. உதவி பெறும் பள்ளிக்கு மட்டும் இல்லை.

மூன்று வருடம் முன் ஒரு பெண் வந்தாள். அப்பா மரம் ஏறுபவர். அவர்கள் ஊரில் அரசுப் பள்ளி ஐந்தாவதோடு முடிகிறது. ஆறிலிருந்து எட்டுவரை ஊரில் இருப்பது உதவி பெறும் பள்ளி ஒன்றுதான். ஒன்பதாவதிலிருந்து எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. படிப்புச் சான்றிதழ்களைத் திண்ணையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வரிகள் அவளை வெளியே நிறுத்தின. அந்த மூன்று வருடமும் அவள் சாப்பிட்டது அதே சத்துணவு, போட்டது அதே இலவசச் சீருடை, படித்தது அதே புத்தகம், அவளுக்கு நடத்திய ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசுதான். "ஆறாம் வகுப்பில் எனக்கு 11 வயசு சார், நான் என்ன பண்ண முடியும்?" என்றாள். அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

உதவி பெறும் பள்ளிகளில் நகரத்தின் பெயர்பெற்ற பள்ளிகளும் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்தால் 7.5ஐ அவையே அள்ளிக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் பள்ளிவாரியாகப் பார்க்கலாம். ஐந்து கிலோமீட்டருக்குள் அரசு நடுநிலைப் பள்ளி இல்லாத ஊரின் உதவி பெறும் பள்ளியை மட்டும் சேர்க்கலாம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் வரைபடம் இருக்கிறது, ஒரு வார வேலை.

முற்பட்ட வகுப்பு ஏழைக்கு என்ன வழி?

கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் ஒருவர் தன் மகனோடு வந்திருந்தார். கட்-ஆஃப் 186. நல்ல மதிப்பெண், ஆனால் அவன் கேட்ட கல்லூரிக்கு அந்த ஆண்டு பொதுப் பிரிவில் போதவில்லை. "நான் யாரையும் ஒதுக்கி வைக்கலீங்க சார், எம் பையன் எதுக்கு இதைத் தாங்கணும்?" என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு வரலாறு பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டுக் கஷ்டம் உண்மையானது.

103ஆவது திருத்தத்தின்படி 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் வந்தது. 2022 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்றது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரவீந்திர பட்டும், அவரோடு நின்ற தலைமை நீதிபதி லலித்தும் கேட்ட கேள்வி, ஏழைகளுக்கு என்று சொல்லிவிட்டுப் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை மட்டும் வெளியே நிறுத்துவது எப்படிச் சமம் என்பது. எனக்கும் அதே கேள்விதான். வரம்பும் 8 லட்சம். மாதம் 66,000 வாங்கும் வீட்டுப் பையனோடு மடப்பள்ளிக்காரர் மகன் போட்டியிட வேண்டும் என்றால் அதில் ஏழை எங்கே? தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அந்த 10 நடைமுறையில் இல்லை, மத்திய நிறுவனங்களில் உண்டு.

நான் அவரிடம் சொன்னது இது. முதல் பட்டதாரிச் சலுகைக்குச் சாதி வரம்பு கிடையாது, அதை வாங்குங்கள். சின்னவன் அரசுப் பள்ளியில் படித்தால் 7.5இன் பொதுப் பிரிவு அவனுக்கும் உண்டு. திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதினால் அந்த 10 பயன்படும், சான்றிதழ் எடுத்து வையுங்கள். அரசு இதற்கு மேலும் செய்யலாம். வீட்டில் பட்டதாரி இல்லாத எந்தச் சாதிப் பிள்ளைக்கும் முழுக் கட்டணமும் விடுதியும் கொடுத்தால் யாருடைய இடமும் குறையாது, பணம்தான் செலவாகும்.

அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்களே, நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்?

அங்கே நம்மைப் போல் இத்தனை சதவீதம் என்று ஒதுக்குவதை 1978லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்று மட்டும் விட்டிருந்தது. 2023 ஜூன் 29இல் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அதையும் ஏறக்குறைய மூடிவிட்டது. நம் அரசியல் சட்டம் 15(4) என்று எழுதியே வைத்திருக்கிறது, அவர்கள் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதனால் அந்தத் தீர்ப்பை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது டெக்சாஸின் வழி. இனம் பார்க்கக் கூடாது என்று 1996இல் அங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், மறு ஆண்டே ஒரு சட்டம் போட்டார்கள். மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் எல்லையோர ஏழைப் பள்ளிக்கும் ஒரே விதி. கூடப் படித்தவர்களோடு மட்டும் ஒப்பிடுவதால், இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளை அதே குறையோடு படித்தவர்களோடுதான் போட்டியிடும். நம் 7.5க்குள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம். இப்போது அந்த 7.5இல்கூட மாதிரிப் பள்ளிகளும் நீட் பயிற்சி கிடைத்த நகரத்து அரசுப் பள்ளிகளும்தான் முன்னால் நிற்கின்றன. மலையூர்ப் பள்ளியின் முதல் மாணவி இன்னும் வரிசையின் கடைசியில்தான்.

சதவீதத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பழைய எண்ணிக்கையை வைத்து. முழுமையான சாதிவாரிக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931இல். 1980களில் அம்பாசங்கர் ஆணையம் தமிழ்நாட்டில் வீடு வீடாக எடுத்த கணக்கு ஒரு துணை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எடுப்பதாக மத்திய அரசு 2025 ஏப்ரல் 30இல் அறிவித்தது. தலையை மட்டும் எண்ணிப் பயனில்லை. எந்தச் சமூகத்தில் எத்தனை பட்டதாரி, எத்தனை வீட்டில் யாருமே பத்தாவது தாண்டவில்லை என்பதும் வேண்டும். 10.5 விழுந்தது அந்தத் தாள் இல்லாததால்தான்.

எத்தனை காலத்துக்கு?

7.5க்கு உயர் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்யுங்கள், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்துங்கள் என்றது. ஒதுக்கீட்டை எடுக்கும் காலத்தைச் சொல்லும்போதே, அதை எடுக்கும் அளவுக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அது. மறுஆய்வில் எம்.பி.பி.எஸ்.ஸில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும் பார்க்காமல், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை அரசுப் பள்ளிகளில் ஜூன் மாதம் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தார் என்றும் பார்க்க வேண்டும். 69க்கும் பத்தாண்டுக்கு ஒருமுறை இப்படி எண்ணிப் பார்ப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எண்ணினால் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களைவிட, எண்ணினால் கூடும் என்று காத்திருக்கும் சமூகங்கள் அதிகம்.

இப்போது நாங்கள் என்ன தாள்களைத் தயாராக வைக்க வேண்டும்?

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழும் மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியும், ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பள்ளிகளின் விவரம் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு. பெயரின் முன்னெழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பிள்ளை இப்போதுதான் ஐந்தாவது முடிக்கிறது என்றால், ஆறாவது எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முன் ஒருமுறை கேட்டுவிட்டுச் சேருங்கள். அந்த மரம் ஏறுபவர் தன் இரண்டாவது மகளை ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். காலை ஏழே காலுக்கு ஒரே ஒரு நகரப் பேருந்து. அதை விட்டால் அன்றைக்கு லீவுதான்.